முள் அசையாத நாற்பத்தேழு நிமிஷம்

திருவண்ணாமலையில் வாடகைக்கு இடம் கிடைப்பது கஷ்டமில்லை. நல்ல வீட்டுக்காரர் கிடைப்பதுதான் கஷ்டம். அந்த விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. சக்கரபாணி மூன்று வருஷத்தில் ஒருமுறைகூட என் அறைக்கதவைத் தட்டாமல் திறந்ததில்லை. மாடியில் ஏரியல் கம்பி நட்டுக்கொள்ளலாமா என்று கேட்டபோது, "நடுங்க தம்பி, மாடி தாங்கினா சரி" என்றார். அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். மற்றதை எழுதும்போது விட்டுப்போய்விடக் கூடாது.

என் பெயர் சுடலைமுத்து. வயது முப்பத்தெட்டு. சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். எண்பத்தொன்றில் இந்த ஊருக்கு வந்தேன். தேரடிப் பக்கம் ஒரு கடையில் மத்தியானத்துக்கு மேல் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறேன். எட்டாவது வரை படித்தவன். ரேடியோவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரேடியோவைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஆனால் என்னிடம் அரசாங்க லைசென்ஸ் இருக்கிறது. மெட்ராஸுக்குப் போய்ப் பரீட்சை எழுதி வாங்கியது. வீட்டில் இருந்தபடியே வயர்லெஸ் செட் வைத்து, என்னைப் போல லைசென்ஸ் உள்ள மற்றவர்களோடு பேசலாம். சட்டப்படி எந்தத் தப்பும் செய்யாதவன் என்று காட்டத்தான் இதைச் சொல்கிறேன்.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் எட்டுப் பிள்ளைகள். நான் ஐந்தாவது. அப்படிப்பட்ட வீட்டில் ஐந்தாவது பிள்ளை ஆரம்பித்த பேச்சை முடிப்பது நடக்காத காரியம். நான் "நேத்து பள்ளிக்கூடத்துல" என்று ஆரம்பித்தால், அந்தப் பள்ளிக்கூடம் எட்டு வாய்க்குப் போய்விட்டு எனக்குத் திரும்பி வராது. கடையிலும் அப்படித்தான். ரேடியோவுக்கு என்ன கோளாறு என்று விளக்க ஆரம்பித்தால், "எப்ப கெடைக்கும், அத்த சொல்லுங்க" என்பார்கள்.

வயர்லெஸ்ஸில்தான் முதல்முறையாக என் பேச்சு முடிந்தது. அதில் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். அழுத்தியிருக்கும்வரை நம் குரல் மட்டும்தான் போகும். அடுத்தவர் குரல் வராது. பேசி முடித்து, "ஓவர்" என்று சொல்லிப் பொத்தானை விட்டால்தான் அவர் பேச முடியும். நான் விடாதவரை உலகத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. ஒரு வருஷம் இதில் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகுதான் ஒன்று உறுத்த ஆரம்பித்தது. நம்மவர்கள் பேச்சைக் கேட்கும்போது 'ம்' கொட்டுவார்கள். ஒருவர் சொல்லச் சொல்ல, கேட்பவர் 'ம்', 'ம்' என்பார். அந்த 'ம்' வந்தால்தான் அடுத்த வார்த்தை வாயில் வரும். வயர்லெஸ்ஸில் அது இல்லை. நான் பேசும் நேரத்தில் என் காது அடைத்திருக்கிறது. அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா, எழுந்து போய்விட்டாரா என்பது ஓவர் சொன்ன பிறகுதான் தெரியும்.

நான் வழக்கமாகப் பேசுவது ராஜேந்திரனோடு. போளூரில் அரிசி மில்லில் மோட்டார் பார்க்கிறவர். அவருக்கும் லைசென்ஸ் உண்டு. காலை பத்திலிருந்து பதினொன்றுவரை அங்கே கரண்ட் இருக்காது. அந்த நேரத்தில் பாட்டரி போட்டு செட்டில் உட்காருவார். போன வருஷம் ஒருநாள் அவரிடம் இருபது நிமிஷம் ஒரு விஷயம் சொன்னேன். எனக்கு அது முக்கியமான விஷயம். என் அம்மா இறந்தது பற்றி. ஓவர் சொன்னதும் அவர் பேசினார்.

"யோவ் சொடல, முட்ச்சிட்டியா? நான் போயி டீ குட்ச்சிட்டு, பீடி வாங்கிக்கினு, மில்லுக்காரரு கூட ஒரு சண்ட போட்டுட்டு வந்துட்டேன். நீ இன்னும் ஆஸ்பத்திரி வாசல்லயே நிக்கிற. ஓவர்."

அவர் நல்ல மனுஷர். தப்பு அவருடையது அல்ல, செட்டுடையது. பேசும்போதே கேட்கவும் தெரிந்த ஒரு செட் வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

இது ஏன் கஷ்டம் என்று சொல்கிறேன். நாம் அனுப்பும் குரலும் நமக்கு வரும் குரலும் ஒரே அலைவரிசை. நம் கம்பியிலிருந்து கிளம்பும் குரல் பக்கத்திலேயே இருப்பதால் பல லட்சம் மடங்கு பெரியது. கோயில் திருவிழாவில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிக்குள் தலையை விட்டுக்கொண்டு, ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் ஒருவர் ரகசியம் பேசுவதைக் கேட்க முயல்வது மாதிரி. நம் குரலே நம்மைச் செவிடாக்குகிறது.

ஆனால் வழி உண்டு. நான் என்ன பேசுகிறேன் என்பது எனக்குத் தெரியும். எனவே என் குரலுக்கு ஒரு நகல் எடுத்து, அதைத் தலைகீழாக்கி, வந்து சேரும் சத்தத்தோடு கலந்துவிட்டால், நானும் என் நகலும் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டு இல்லாமல் போய்விடுவோம். மிச்சம் இருப்பது அடுத்தவர் குரல். டெலிபோனில் இந்த வேலையை ஒரு சின்னச் சுருள் செய்கிறது. பழைய டெலிபோன் ஒன்றைப் பிரித்துப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது.

ஒன்றரை வருஷம் ஆனது. அனுப்பும் கம்பியை வாசல் பக்கம் மாடியில் நட்டேன். வாங்கும் கம்பியைப் பின்னால் கிணற்றடியில் நட்டேன். நகலின் அளவைச் சரிசெய்ய ஒரு குமிழ், அது வந்து சேரும் நேரத்தைச் சரிசெய்ய ஒரு குமிழ். என் குரல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்ட ஒரு முள். அந்த முள் பூஜ்யத்தில் நின்றால் நான் முழுசாக அழிந்துவிட்டேன் என்று அர்த்தம்.

முதல் முறை பூஜ்யத்துக்கு வந்தபோது மூன்று வினாடி நின்றது. பிறகு எகிறியது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசலில் சக்கரபாணி வீட்டு ஆடு போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் விஷயம் புரிந்தது. என் குரல் நேராக மட்டும் போகவில்லை. சுற்றியிருக்கிற எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வந்தது. அசையாத பொருளால் கவலையில்லை. ஒருமுறை குமிழைச் சரியாக வைத்துவிட்டால் போதும். மலை நல்ல ஆள், அது எங்கேயும் போகாது. அசைகிற பொருள்தான் தொல்லை. அது ஓர் அடி நகர்ந்தால், திருகி வைத்ததெல்லாம் வீண். பௌர்ணமியன்று நான் செட்டைத் தொடுவதே இல்லை. ஊரே நகரும்.

முதலில் துணி காயப்போடும் கம்பி. காற்றில் ஆடியபோது முள்ளும் சேர்ந்து ஆடியது. சக்கரபாணியின் சம்சாரம் ரேணுகாம்பாள் அம்மாவிடம், கம்பி இடியை இழுக்கும் என்று சொன்னேன். மறுநாளே கயிறு கட்டிவிட்டார்கள். அது பொய்தான். ஆனால் கயிற்றில் துருக்கறை ஏறாது, அவர்களுக்கும் நல்லதுதான். ஆடு முள்ளை ஒன்றரைக் கோடு நகர்த்தியது. அதை அடி அண்ணாமலையில் இருக்கும் அவர்கள் தங்கை வீட்டுக்கு அனுப்ப வைத்தேன். அங்கே நன்றாக இருப்பதாகக் கேள்வி. பித்தளைக் குடம் நாலு கோடு. அதைத் திருடுபோனதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என் கட்டிலுக்கு அடியில் கோணிக்குள் இருக்கிறது. தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

மிச்சம் இருந்தது சக்கரபாணி. ஆறு கோடு.

அவர் முப்பது வருஷம் ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஓடுகிற பஸ்ஸில் முன்னும் பின்னும் நடந்தே காலம் போனது. ரிட்டையர் ஆன பிறகும், வீடு ஓடிக்கொண்டிருப்பதாக அவர் காலுக்கு ஒரு நினைப்பு. காலையில் எழுந்தால் கேட்டிலிருந்து கிணறுவரை, கிணற்றிலிருந்து கேட்வரை. என் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே. சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், நடந்துகொண்டே 'ம்', 'ம்' என்பார். எவ்வளவு நேரமானாலும் சலிக்க மாட்டார். ஆனால் அவர் எல்லோருக்கும்தான் 'ம்' போடுவார், ஆட்டுக்குக்கூட. அதனால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முறைப்படி அவரிடம்தான் முதலில் கேட்டேன்.

"ஐயா, பத்துலருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரே எடத்துல இருக்க முடியுமா?"

"எதுக்கு தம்பி?"

"ஒரு பரீட்சை."

"உங்களுக்கா, எனக்கா?"

"ரேடியோவுக்கு."

"ம். பாஸாவட்டும்" என்று சொல்லி, முன்வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். முயற்சி செய்தார், அதை மறுக்க முடியாது. நாலு நிமிஷத்தில் கேட் சாத்தியிருக்கிறதா என்று பார்க்க எழுந்தார். திரும்பி வந்தார். கிணற்றில் வாளி இருக்கிறதா என்று பார்க்கப் போனார். உள்ளேயிருந்து ரேணுகாம்பாள் அம்மா சிரித்தார்கள்.

"உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலியா தம்பி? அவரு கல்யாணத்தன்னிக்கே மணையில குந்தல. அய்யரு பின்னாலயே சுத்திச் சுத்தி வந்து மந்திரம் சொன்னாரு."

மூன்று நாள் பார்த்தேன். மூன்று நாளும் அப்படித்தான். அதனால் நாலாம் நாள் மாத்திரை.

எனக்குத் தூக்கம் வராது. அதற்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை கைவசம் இருந்தது. ரேணுகாம்பாள் அம்மா ஒன்பதரை மணிக்கு அவர் காபியை என் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அவர் நடையின் நடுவே எடுத்துக் குடிப்பார். எனவே கலப்பதில் சிரமம் இல்லை. முதல் நாள் ஒன்றுதான். எனக்கு வைத்திருந்ததை அவருக்குக் கொடுத்துவிட்டதால் அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. என் பக்கமும் நஷ்டம் இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியில் அவர் கால் நீண்டு சரிந்தது. அதனால் மணைப்பலகை போட்டுச் சம்மணமிட்டு உட்கார வைத்தேன். தலை தொங்கி ஆடியது. மேல்துண்டால் மார்பைச் சுற்றித் தூணோடு கட்டினேன். நெற்றியைச் சுற்றி இன்னொரு துண்டு. முழங்கால் எழும்பாமல் இருக்க மூன்றாவது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இது இன்னா தம்பி கோலம்?" என்று கேட்டார்கள். முதுகுவலிக்கு நல்லது, அவரே கேட்டார் என்றேன். முள் அன்று பதினொரு நிமிஷம் பூஜ்யத்தில் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வீடு செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருக்கிறது. கிரிவலம் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் போவார்கள். அன்று மலை சுற்ற வந்த ஒரு அம்மாள் கேட்டில் நின்றாள். சக்கரபாணியை உற்றுப் பார்த்தாள். உள்ளே வந்து இரண்டு வாழைப்பழத்தை வைத்து, விழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் ஒரு ஆள் காலை பத்து மணிக்குத் தூணோடு கட்டப்பட்டுக் கண்மூடி இருந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். இந்த ஊரில் வாழைப்பழம் வைக்கிறார்கள்.

மறுநாள் ஏழு பேர். அந்த வாரக் கடைசியில் நாற்பது. முழங்காலில் இருந்த துண்டைப் பார்த்து, யோகிகள் கட்டுகிற பட்டை என்று பேசிக்கொண்டார்கள். ஒருவர் வந்து எனக்கே விளக்கினார்.

சக்கரபாணிக்குத் தெளியும்போது பன்னிரண்டு மணி ஆகும். ஒருநாள் கண்ணைத் திறந்தவர் எதிரே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவங்கள்லாம் ஏன் என் கால்ல வியறாங்க?"

"நீங்க நல்லா உக்காந்தீங்க ஐயா."

"குந்தினா கால்ல வியுவாங்களா?"

"இந்த ஊர்ல விழுவாங்க போலிருக்கு."

"முப்பது வருஷம் நின்னுக்கினே போனேன். ஒருத்தன் எழுந்து எடம் குடுக்கல" என்றார். சொல்லிவிட்டு ஒரு பழத்தை உரித்தார். தோலைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடியும் தூங்கிவிட்டார்.

எனக்குக் கவலை வேறு. ஒரு ஆளை நிறுத்தப் போய் நாற்பது பேரை அசைய விட்டிருக்கிறேன். முள் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்த நேரத்தில் பரசுராமன் வந்தான். எதிரே டீக்கடை வைத்திருப்பவன். வாழைப்பழமும் கற்பூரமும் விற்க ஆரம்பித்திருந்தான்.

"ரேடியோக்காரரே, நீங்கதான் சாமி பக்கத்துலயே கீறீங்க. சாமி எதுனா உத்தரவு குட்த்தாரா? ஜனங்க கேக்கறாங்க."

"பத்திலருந்து பதினொண்ணு வரைக்கும் தன் முன்னால யாரும் அசையக் கூடாதுங்காரு" என்று சொன்னேன்.

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான். கண்ணு இமைக்கலாம்."

பரசுராமனைப் போல ஒரு ஆள் எனக்குக் கடையில் கிடைத்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். மறுநாள் பத்து மணிக்கு ஒரு வெண்கல மணியை அடித்தான். வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் அப்படியே உறைந்துபோனார்கள். சந்தில் வந்தவர்களையும் அவன் விடவில்லை.

"யோவ் சைக்கிளு, எறங்கு. கம்முனு நில்லு."

"எனக்கு வேங்கிக்கால்ல ஆபீஸுய்யா. லேட்டாவுது."

"சாமியே அசையல, உனக்கு இன்னா ஆபீஸு? மணி அடிக்கிற வரிக்கும் மூக்கு கூட சொறியாத."

அந்த ஆள் நின்றார். பால்காரர் நின்றார். ஆசிரமத்துக்கு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அசையாமல் இருப்பதில் அவர்கள் நம்மவர்களைவிட மேல். நரைத்த தலைப் பெண் ஒருத்தி ஒரு மணி நேரத்துக்கு அரைக் கோடுகூட எடுக்கவில்லை. ஒருவர் அசையாமல் இருக்கும்வரை, அவர் எனக்குச் சுவர் மாதிரி. நூறு பேர் அசையாமல் இருந்தால் நூறு சுவர். குமிழைத் திருகினேன். முள் இறங்கியது. இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் நின்றது. அவரை அசையா சாமி என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மாத்திரையை ஏற்ற வேண்டியிருந்தது. ஒன்று பழகிவிட்டது. இரண்டானது, மூன்றானது, பிறகு ஐந்து. காபியோடு, சாயங்காலம் பக்தர்கள் கொண்டுவந்த பாலிலும் கொடுத்தேன், மறுநாள் காலை தொந்தரவு இருக்கக் கூடாது என்று. அவர் சாப்பிடுவது கம்மியானது. தெளிந்த நேரத்திலும் நடக்கவில்லை. கேட்டைப் பார்ப்பார், கால் எழும்பாது. பாதம் வீங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் முள்ளுக்கு நல்லதாக இருந்தது.

ரேணுகாம்பாள் அம்மா முதல் வாரம் பெருமையாகத்தான் இருந்தார்கள். "நாப்பது வருஷமா நான் சொல்லி குந்தாத மனுஷன்" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார்கள். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் குதிரை வண்டி ஒன்றைக் கூட்டிவந்து கேட்டில் நிறுத்தினார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. பரசுராமன் குறுக்கே நின்றான்.

"சாமிய தொடாதம்மா. சமாதில கீறாரு. கலஞ்சா ஊருக்கே ஆவாது."

"சாமியாவது, பூதமாவது. கால் வீங்கிக் கெடக்குது. ஒதடு காஞ்சி கெடக்குது. அந்தாளு என் புருஷன்யா."

"அது போன மாசம்" என்றான் பரசுராமன். அவன் கேலிக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்பினான். சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்றார்கள். வண்டிக்காரன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான்.

அம்மா என் அறைக்கு வந்தார்கள். அதுவரை அவர்கள் என் அறைக்குள் வந்ததில்லை.

"தம்பி, நீங்க சொன்னா கேப்பாங்க. சாமி உத்தரவுன்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு போவணும்னு அவரே சொன்னாருன்னு சொல்லிடுங்க. உங்கள புள்ள மாதிரி வெச்சிருந்தோம்."

அது உண்மை. ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். ஆனால் மறுநாள் வெள்ளிக்கிழமை. ராஜேந்திரனோடு ஏற்பாடு ஆகியிருந்தது. "நாளிக்கி பத்து மணிக்கு நீ பாட்டுக்கு பேசு, நான் நடுவுல 'ம்' போடறேன். உனக்கு கேட்டுச்சின்னா நீ ஜெய்ச்ச" என்று சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷம் அதற்காகத்தான்.

"நாளைக்குப் பதினொரு மணிக்கு மேல சொல்லுதேன்மா" என்றேன்.

"இன்னிக்கு இன்னா?"

"இன்னைக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க."

அவர்கள் கதவுவரை போய்த் திரும்பினார்கள். பிறகு, "நாளிக்கி கண்டிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதாகத்தான் இருந்தேன். பதினொன்றுக்கு மேல் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மாத்திரை. காபி குடிக்கும் நிலையில் அவர் இல்லை. ஸ்பூனால் கொடுத்தேன். அதிகம் என்று எனக்குத் தெரியும். ஐந்துக்கே மூச்சு மெலிந்திருந்தது, அதுவும் தெரியும். நல்ல நாளில் ஒரு அசைவு வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் நினைத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இருநூறு பேர் இருந்திருப்பார்கள், சந்து முனைவரை. பத்து மணிக்கு மணி அடித்தது. நான் குமிழைத் திருகினேன். முள் இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. பேச ஆரம்பித்தேன்.

என் அம்மா பற்றித்தான் பேசினேன். போன வருஷம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோனதை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தந்தி வந்தது, பஸ் பிடித்தது, விழுப்புரத்தில் பஸ் கெட்டுப்போனது, நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அண்ணன்மார் யாரும் நான் வந்ததைக் கவனிக்கவில்லை. இதையெல்லாம் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. காதில் ஹெட்போன். அதில் என் குரல் ஒரு துளிகூட இல்லை. அவ்வளவு சுத்தமான அமைதியை நான் கேட்டதில்லை. ராஜேந்திரனின் 'ம்' வரவில்லை. அவர் ஆழ்ந்து கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

முப்பத்தோராவது நிமிஷம் முள் அரைக் கோடு அசைந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சக்கரபாணி கண்ணைத் திறந்திருந்தார். என் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. நான் பேச்சை நிறுத்தாமலே குமிழை ஒரு நூல் திருப்பினேன். முள் பூஜ்யத்துக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கால் கோடு. அதையும் சரிசெய்தேன்.

அதற்குப் பிறகு முள் அசையவே இல்லை. நல்ல நாளில்கூட அவர் மூச்சுக்கு முள் நுனி லேசாகத் துடிக்கும். அதுவும் நின்றுவிட்டது. அப்படி ஒரு பூஜ்யத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

பத்து நாற்பத்தேழுக்கு முள் வலது கோடிக்குப் போய் அடித்தது. ரேணுகாம்பாள் அம்மா எழுந்து ஓடினார்கள். "இன்னும் பதிமூணு நிமிஷம் கீதும்மா" என்று பரசுராமன் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. அம்மா துண்டை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்தார்கள். "மூச்சு இல்லடா" என்றார்கள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. இருநூறு பேரும் கைகூப்பிக்கொண்டு அசையாமல் இருந்தார்கள்.

நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை மறக்க வேண்டாம். யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. ஜீவசமாதி அடைந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அன்று மத்தியானமே அவரை அந்த இடத்திலேயே வைத்து மண்டபம் கட்டுவது என்று முடிவானது. இரும்புக் கம்பி கட்டி, தகரக் கூரை போட்டு. என் இரண்டு கம்பிகளுக்கும் சரியாக நடுவில். வருஷம் முழுக்கக் கூட்டம் வரும். அதைத் தடுக்க உங்களால்தான் முடியும். அதற்காகத்தான் நடந்ததைச் சொல்ல வந்தேன்.

அன்று ராஜேந்திரன் போளூரிலேயே இல்லை, வேலூரில் தங்கை மகளுக்குக் காது குத்து, செட் அணைந்து கிடந்தது என்று நீங்கள் விசாரித்துச் சொன்னீர்கள். இருக்கலாம். அவர் இல்லாததற்கு என் செட் பொறுப்பில்லை. அதன் வேலை என் குரலை அழிப்பது. அதைச் செய்தது. போளூர் ஒரு மணி நேர பஸ்தானே, நேரில் போய்ப் பேசியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். ஒருமுறை போனேன். என்னைப் பேசவே விடவில்லை.

கடைசியாகக் கேட்டதற்குப் பதில். சக்கரபாணி என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஜன்னலுக்கும் அவருக்கும் ஆறடிதான் இருக்கும். ஹெட்போனைக் கழற்றி, ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்தியிருந்தால் கேட்டிருக்கும் என்கிறீர்கள். கேட்டிருக்கும்தான். ஆனால் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பதற்கு, இந்தக் கருவி எதற்கு ஐயா?